ஃபோல்டருக்கு ‘கான்’ என்று ஏன் பேர் வைக்க முடியாது?

2000களில் கல்லூரியில் படித்தவர்களுக்கும், அப்போது புதிதாக ஐடி வேலைக்குப் போனவர்களுக்கும் அந்த ஃபார்வர்டு மெயில் நினைவிருக்கும். ஓர் இந்தியர் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்துவிட்டாராம். விண்டோஸில் எந்த மூலையிலும் சி-ஓ-என், அதாவது ‘கான்’, என்ற பெயரில் ஃபோல்டர் உருவாக்க முடியாதாம். ஏன் என்று பில் கேட்ஸுக்கே தெரியவில்லையாம். நம்பாவிட்டால் நீங்களே செய்து பாருங்கள் என்று முடியும்.

செய்து பார்த்தோம். முடியவில்லை. இன்றைக்கும் முடியாது. விண்டோஸ் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இப்போதே முயன்று பார்க்கலாம், அந்தச் சாதனப் பெயர் செல்லாது என்று சொல்லிவிடும். அதே மெயிலில் நோட்பேட், வேர்டு பற்றி இன்னும் இரண்டு ‘அதிசயங்கள்’ இருந்தன, அவை கிடக்கட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நம்மூரில் 90களின் தொடக்கத்தில் கம்ப்யூட்டர் சென்டருக்குப் போனவர்கள் எல்லோருக்கும் இதற்கு விடை தெரியும். தெரியும் என்பதுதான் அவர்களுக்குத் தெரியாது. ஏனென்றால் அவர்கள் படித்த முதல் பாடமே ‘காப்பி கான்’தான்.

நான் படித்தது 1992-இல். டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் ஓர் அறை, ஐந்து கம்ப்யூட்டர், ஒரே ஒரு ஏசி. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். தூசி போனால் மெஷின் கெட்டுவிடும் என்பார்கள். ஏசிக் குளிர் எங்களுக்கல்ல, மெஷினுக்கு. கருப்புத் திரையில் ‘காப்பி கான்’ என்று அடித்து, ஓர் இடைவெளி விட்டு, ஃபைலுக்கு ஒரு பெயர் கொடுத்து என்டர் தட்டினால் கர்சர் அடுத்த வரியில் வந்து காத்திருக்கும். பெயர், ஊர், படிப்பு என்று நாலு வரி அடித்துவிட்டு, கண்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அழுத்தி என்டர். ஒரு ஃபைல் காப்பி ஆயிற்று என்று திரை சொல்லும். எங்கிருந்து காப்பி ஆயிற்று என்று அன்று நான் கேட்கவில்லை.

கான் என்பது கன்சோல் என்பதன் சுருக்கம். உள்ளே எழுதும்போது அது திரை, அதிலிருந்து படிக்கும்போது அது கீபோர்டு. ‘காப்பி கான்’ என்றால் கீபோர்டிலிருந்து வருவதை இந்த ஃபைலில் கொட்டு என்று பொருள். பிரிண்டருக்கு பிஆர்என் என்று பெயர். ஒரு கடிதத்தை பிஆர்என்னுக்கு காப்பி செய்தால் அது காகிதத்தில் அடித்து வரும். திரை, கீபோர்டு, பிரிண்டர், மோடம் எல்லாவற்றையும் ஃபைல் மாதிரியே பாவித்துவிட்டால் ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கட்டளை எழுத வேண்டியதில்லை. நினைவகம் கிலோபைட்டில் எண்ணப்பட்ட காலத்தில் இது அழகான சிக்கனம்.

சரி, கீபோர்டின் பெயர் ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளும் ஏன் குறுக்கே வந்து நிற்க வேண்டும்? காரணம், அந்தப் பெயரை வைத்தபோது ஃபோல்டர் என்ற ஒன்றே இல்லை. ஐபிஎம் பிசி 1981 ஆகஸ்டில் வந்தது. அதன் ஃப்ளாப்பி 160 கிலோபைட். அதில் அதிகபட்சம் 64 ஃபைல்தான் வைக்க முடியும். 64 பெயருக்கு எதற்கு ஃபோல்டர்? எல்லாம் ஒரே கூடத்தில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டன, கான், பிஆர்என் உட்பட. 1983-இல் பத்து மெகாபைட் ஹார்ட் டிஸ்க்குடன் பிசி எக்ஸ்டி வந்தபோது ஒரே கூடம் போதவில்லை. விண்டோஸுக்கு முன்பு பிசியை இயக்கிய டாஸின் 2.0 பதிப்பில் ஃபோல்டர்கள் வந்தன. இப்போது ஒரு கேள்வி எழுகிறது: கான் எந்த அறையில் இருக்கும்? ஒரே ஓர் அறையில் வைத்தால், அதற்கு முந்தைய இரண்டு வருடத்தில் எழுதப்பட்ட புரோகிராம்கள் மற்ற அறைகளில் நின்று கூப்பிடும்போது பதில் வராது. அதனால் எல்லா அறையிலும் கான் இருப்பதாகவே வைத்துக்கொண்டார்கள். இரண்டு வருடப் பழக்கத்துக்காகச் செய்த ஏற்பாடு நாற்பது வருடத்தைத் தாண்டி ஓடிக்கொண்டிருக்கிறது.

கானுக்குப் பின்னால் புள்ளி வைத்து ஏதாவது சேர்த்தால் தப்பித்துவிடலாம் என்று நினைப்போம். அதுவும் நெடுங்காலம் நடக்கவில்லை. அந்தக் காலத்துப் புரோகிராம்கள் பலவும் ஃபைலுக்குப் பெயர் கேட்கும், நாம் கொடுக்கும் பெயரோடு தன் வால் ஒன்றைத் தானே ஒட்டிக்கொள்ளும். நாம் பிஆர்என் என்று அடித்தால் அது பிஆர்என்-புள்ளி-டிஎக்ஸ்டி ஆகிவிடும். பிரிண்டருக்குப் போக வேண்டியது டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொள்ளக் கூடாதே என்று, புள்ளிக்குப் பின்னால் இருப்பதைக் கண்டுகொள்ளாமல் விட்டார்கள். இதன் உச்சக்கட்டம் விண்டோஸ் 95, 98 காலத்தில் நடந்தது. சி டிரைவில் கான், அதற்குள் கான் என்று ஒரு முகவரியைத் திறக்கச் சொன்னால் போதும், நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் படுத்துவிடும். ஓர் இணையப் பக்கத்தில் படத்தின் முகவரியாக இதைக் கொடுத்தே, வருபவர்களின் கம்ப்யூட்டரைக் கவிழ்க்க முடிந்தது. 2000-இல்தான் மைக்ரோசாஃப்ட் அதற்கு ஒட்டுப் போட்டது.

காப்பி கானை முடித்துவைத்த கண்ட்ரோல்-இசட்டுக்கு இன்னும் பழைய கதை. டாஸுக்கு முன்னால் சிபிஎம் என்ற அமைப்பு இருந்தது, கேரி கில்டால் எழுதியது. ஏ, பி என்று டிரைவுக்கு எழுத்து வைப்பது, எட்டு எழுத்துப் பெயர், புள்ளி, மூன்றெழுத்து வால் எல்லாம் அங்கிருந்து டாஸுக்கு வந்தவை. சிபிஎம் ஒரு ஃபைலின் நீளத்தை பைட் கணக்கில் எழுதி வைக்காது. 128 பைட் கொண்ட துண்டுகள் எத்தனை என்று மட்டும் எழுதும். 300 பைட்டில் ஒரு கடிதம் இருந்தால் மூன்று துண்டு, அதாவது 384 பைட். கடைசி 84 பைட்டில் முன்பு இருந்த குப்பை எதுவும் இருக்கலாம். கடிதம் எங்கே முடிகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கடிதத்துக்குள்ளேயே முற்றுப்புள்ளி மாதிரி ஒரு குறி வைத்தார்கள். அதுதான் கண்ட்ரோல்-இசட், 26ஆம் எண். டாஸ் ஃபைல் நீளத்தை பைட் சுத்தமாக எழுதி வைத்தது, அதற்கு இந்தக் குறி தேவையே இல்லை. ஆனால் சிபிஎம்மிலிருந்து கொண்டுவந்த புரோகிராம்களும் ஃபைல்களும் அந்தக் குறியை எதிர்பார்த்தன. அதனால் அது நின்றுவிட்டது.

இன்றும் விண்டோஸில் பைத்தான் நிரல்மொழியைத் திறந்துவிட்டு வெளியே வர கண்ட்ரோல்-இசட், என்டர். இதைவிட எனக்குப் பிடித்த இடம் ஒன்று உண்டு. உங்கள் போனில் இருக்கும் பிஎன்ஜி படம் எதை எடுத்தாலும் அதன் ஏழாவது பைட் 26. டாஸில் யாராவது தெரியாத்தனமாக அந்தப் படத்தை எழுத்து ஃபைல் போலத் திரையில் ஓடவிட்டால், முழுக் குப்பையும் கொட்டாமல் ஏழாவது பைட்டிலேயே நின்றுவிட வேண்டும் என்று 90களில் அந்த வடிவத்தை வகுத்தவர்கள் வைத்த தடுப்பு அது. டாஸையே பார்த்திராத பிள்ளைகள் எடுக்கும் ஸ்கிரீன்ஷாட்டுக்குள்ளும் அது உட்கார்ந்திருக்கிறது.

ஃபோல்டர்களைப் பிரிக்க விண்டோஸ் மட்டும் ஏன் சாய்கோட்டை எதிர்ப்பக்கம் சாய்த்துப் போடுகிறது என்பதற்கும் இதே மாதிரிதான் பதில். யூனிக்ஸ் என்ற இயங்குதளம் போல நேர்ச்சாய்கோட்டைப் போட நினைத்தபோது, டாஸ் 1-இன் கட்டளைகள் அதை வேறு வேலைக்கு எடுத்துக்கொண்டுவிட்டிருந்தன. பக்கம் பக்கமாகக் காட்டு என்பதற்குச் சாய்கோடு-பி என்ற மாதிரி. மிச்சமிருந்தது எதிர்ச்சாய்கோடு. அதிலும் ஜப்பானில் அந்த எண்ணில் இருந்தது யென் பணக்குறி. அங்கே ஃபைல் முகவரிகள் பல வருடம் விலைப்பட்டியல் மாதிரி தெரிந்தன.

இதுவரை சொன்னவை எல்லாம் தற்செயலாகத் தங்கிப்போனவை. தவறு என்று தெரிந்தே கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்ட ஒன்றும் உண்டு. எக்செலில் ஒரு கட்டத்தில் 60 என்று அடித்து, அதைத் தேதி வடிவத்துக்கு மாற்றுங்கள். 1900 பிப்ரவரி 29 என்று வரும். அப்படி ஒரு நாள் வரவே இல்லை. நூறால் வகுபடும் ஆண்டு நானூறாலும் வகுபட்டால்தான் லீப் ஆண்டு. 1900 வகுபடாது.

இது எக்செலின் தவறு அல்ல, அதற்கு முன்பு கணக்குப் போட இருந்த லோட்டஸ் 1-2-3 என்ற மென்பொருள் செய்தது. மிட்ச் கபோரும் ஜொனாதன் சாக்ஸும் உருவாக்கிய லோட்டஸ் 1983 ஜனவரியில் வெளியானது. கணக்கு வைப்பதற்காகவே பிசி வாங்கியவர்களில் பாதிப்பேர் லோட்டஸுக்காக வாங்கினார்கள் என்று சொன்னால் அது மிகையாக இருக்கும், ஆனால் அன்று அப்படித்தான் தோன்றியது. எங்கள் சென்டரின் விளம்பரப் பலகையிலேயே டாஸ், வேர்ட்ஸ்டார், லோட்டஸ், டிபேஸ் என்று நான்கு பெயர்தான். லோட்டஸ் தேதிகளை 1900 ஜனவரி 1 முதல் வரிசையாக எண்ணியது. லீப் ஆண்டா என்று பார்க்க நாலால் வகுபடுகிறதா என்று மட்டும் பார்த்தால், 1901 முதல் 2099 வரை விடை சரியாகவே வரும். இரும எண்ணில் கடைசி இரண்டு பிட்டும் பூஜ்யமா என்று பார்த்தால் வேலை முடிந்தது. நூறு, நானூறு விதிகளைச் சேர்த்தால் குறியீடு நீளும். இடிப்பது 1900 ஒன்றுதான். அந்தக் காலத்துக் கணக்கர் எவர் 1900 பிப்ரவரிக்கு வட்டி போடப்போகிறார்?

மைக்ரோசாஃப்ட் எக்செலை எழுதியபோது லோட்டஸ் ஃபைல்களைத் திறந்தால் தேதிகள் மாறாமல் வர வேண்டியிருந்தது. சரியான காலண்டரைப் போட்டால் 1900 மார்ச் முதல் எல்லாத் தேதியும் ஒரு நாள் தள்ளிப்போகும். எனவே இல்லாத நாளையும் சேர்த்தே எண்ணினார்கள். இப்போது திருத்தலாமே என்றால், உலகத்தில் இருக்கும் எக்செல் ஃபைல்களின் தேதிகள் எல்லாம் ஒரு நாள் நகரும். எக்செல் ஃபைல் வடிவம் பிறகு சர்வதேசத் தரமாகப் பதிவானபோது, அந்தப் பிப்ரவரி 29-உம் கூடவே போய்ச் சேர்ந்தது. கூகுள் ஷீட்ஸ் வேறு வழியில் சமாளித்தது: எண்ணுவதை 1899 டிசம்பர் 30-இலிருந்து தொடங்கிவிட்டது. அதனால் 1900 மார்ச் முதல் எக்செலோடு ஒத்துப்போகும், இல்லாத நாளும் இருக்காது. குறுக்குவழிதான், ஆனாலும் நேர்த்தி. எக்செல் கணக்கில் 1900 ஜனவரி 1 ஞாயிற்றுக்கிழமை. உண்மையில் அது திங்கள். கொள்ளுத்தாத்தா அந்த இரண்டு மாதத்தில் பிறந்திருந்தால் ஜாதகத்துக்கு எக்செலை நம்பாதீர்கள், ராகுகாலமே மாறிவிடும்.

லோட்டஸில் மெனுவுக்குப் போகச் சாய்கோட்டை அழுத்துவோம். அதற்கும் முந்தைய விசிகால்க்கிலிருந்து வந்த பழக்கம். இன்றைய எக்செலிலும் வெறுமனே சாய்கோட்டை அழுத்திப் பாருங்கள், மேலே மெனு விழித்துக்கொள்ளும்.

அதே மாடி அறையில் நடந்த இன்னொன்று. வேலைக்கு விண்ணப்பம் ஒன்றை அடித்து வைத்திருந்தேன். பழையதை அழிக்கிறேன் என்று புதியதை அழித்துவிட்டேன். பதறிப்போய், “சார், லெட்டர் ஃபைல் போச்சு சார்” என்றேன். அவர் அலட்டிக்கொள்ளவில்லை. “அதுக்கு மேல எதுவும் சேவ் பண்ணலையே?” என்று கேட்டுக்கொண்டே அன்டிலீட் என்று அடித்தார். திரையில் என் ஃபைல் பெயர் வந்தது, முதல் எழுத்து மட்டும் இல்லை. அந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி.

“முதல் எழுத்து என்னப்பா?”

“எல் சார்.”

எல் அடித்தார், கடிதம் வந்துவிட்டது. கம்ப்யூட்டருக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது, முதல் எழுத்து மட்டும் மறந்துபோயிற்று என்றால் அது எப்படிப்பட்ட மறதி என்று அன்றிரவு முழுக்க யோசித்தேன்.

டாஸ் ஒரு ஃபைலை அழிக்கும்போது அதன் உள்ளடக்கத்தைத் தொடாது. பெயர்ப்பட்டியலில் அந்தப் பெயரின் முதல் பைட்டை மட்டும் 229 என்ற எண்ணாக மாற்றும். அது இடம் காலி என்று போடும் பலகை. அப்புறம், எந்தெந்தத் துண்டுகள் அந்த ஃபைலுக்குரியவை என்ற சங்கிலியைத் துடைத்துவிடும். ஆனால் மீதி ஏழு எழுத்து, நீளம், முதல் துண்டு எங்கே என்பது எல்லாம் பட்டியலிலேயே இருக்கும். மீட்கும்போது முதல் துண்டிலிருந்து தொடர்ச்சியாக எழுதப்பட்டிருக்கும் என்று ஊகித்துச் சங்கிலியைத் திரும்பக் கோப்பார்கள். ஃபைல் டிஸ்க்கில் சிதறிக் கிடந்திருந்தால் ஊகம் தப்பும், கடிதத்தின் நடுவில் யாருடைய சம்பளப் பட்டியலாவது வந்து நிற்கும். பீட்டர் நார்ட்டன் 1982-லேயே இந்த மீட்பு வேலைக்கு மென்பொருள் விற்கத் தொடங்கி அதிலேயே பேர் வாங்கினார். டாஸிலேயே அன்டிலீட் வந்தது 1991-இல், ஐந்தாம் பதிப்பில்.

ஏன் 229? இதுவும் சிபிஎம்மின் சொத்து. அன்றைய எட்டு அங்குல ஃப்ளாப்பியில் எதுவும் எழுதாத இடமெல்லாம் 229-ஆல் நிரப்பப்பட்டு வரும். ‘229 என்றால் காலி’ என்று வைத்துக்கொண்டால் புது ஃப்ளாப்பியை உறையிலிருந்து எடுத்து நேரே பயன்படுத்தலாம். இந்தச் சிக்கனமும் ஜப்பானில் போய் முட்டியது. அங்கே 229-இல் தொடங்கும் எழுத்துகள் உண்டு. அப்படிப் பெயர் வைத்த ஃபைல், பிறந்தபோதே செத்ததாகத் தெரியும். அதனால் அந்தப் பெயர்களில் மட்டும் 229-க்குப் பதில் 5 என்று எழுதி வைத்து, படிக்கும்போது மாற்றிக்கொண்டார்கள்.

ஐபிஎம் பிசியின் எழுத்துப் பட்டியலில் 229 என்பது கிரேக்கச் சிறிய சிக்மா. டிஸ்க்கின் பெயர்ப்பட்டியலை அப்படியே திறந்து பார்த்தால், அழிந்த ஃபைல்கள் எல்லாம் தலையில் ஒரு சிக்மாவோடு நிற்கும். அந்தச் சிக்மாவை நாங்கள் வேறோர் இடத்தில் தினமும் பார்த்தோம். வேர்ட்ஸ்டாரில் அடித்த கடிதத்தை டாஸில் டைப் என்ற கட்டளை கொடுத்துப் பார்த்தால், ஒவ்வொரு சொல்லின் கடைசி எழுத்தும் பேய் பிடித்த மாதிரி இருக்கும். ஈ என்ற ஆங்கில எழுத்தில் முடியும் சொல்லெல்லாம் சிறிய சிக்மாவில் முடியும், டி-யில் முடிவது பெரிய சிக்மாவில், எஸ்-இல் முடிவது கணக்குப் பாடத்துச் ‘சிறியது அல்லது சமம்’ குறியில்.

வைரஸ் என்று பயந்தவர்கள் உண்டு. வேர்ட்ஸ்டார் 1978-இல் வந்தது. ஆங்கிலத்துக்கான ஆஸ்கி பட்டியல் 128 இடத்தோடு முடிந்துவிடும், அதற்கு ஏழு பிட் போதும். பைட்டிலோ எட்டு பிட். எட்டாவது சும்மா கிடக்கிறதே என்று, வரிகளை இரு பக்கமும் சமமாக இழுத்து அமைக்கும்போது உதவுமென்று சொல்லின் கடைசி எழுத்தில் அந்த எட்டாவது பிட்டை எழுப்பி அடையாளம் வைத்தது வேர்ட்ஸ்டார். ஈ-யின் எண் 101. எட்டாவது பிட் எழுந்தால் 128 கூடும். 229. வேர்ட்ஸ்டாருக்குள் இருக்கும்வரை அது ஈ, வெளியே வந்தால் சிக்மா.

அந்த ‘சும்மா கிடக்கும்’ மேல்பாதியில்தான் பிற்பாடு தமிழ் குடியேறியது. முதலில் பாமினி போன்ற எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை உட்கார வைத்தன. ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி என்று அடித்தால் ‘தமிழ்’ என்று தெரியும், எழுத்துருவை மாற்றினால் தமிழ் போய் ஜேகேபிஓ மட்டும் நிற்கும். ஆங்கிலமும் தமிழும் ஒரே வரியில் வர வேண்டும் என்று 90களின் கடைசியில் இணையத்தில் கூடிப் பேசி உருவாக்கிய திஸ்கி என்ற குறியீட்டு முறை, கீழ்ப்பாதியை ஆங்கிலத்துக்கே விட்டுவிட்டு, 128-க்கு மேலே தமிழை அடுக்கியது. நல்ல யோசனை. ஆனால் அந்த மேல்பாதியும் முழுக்கக் காலி மனை அல்ல. மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான பட்டியலில் 173ஆம் இடம் மென் இணைப்புக்கோடு. சொல் வரிக்கடைசியில் உடைந்தால் மட்டும் தெரியும், மற்ற நேரம் கண்ணுக்குத் தெரியாது. திஸ்கியில் அந்த 173-இல் இருந்த எழுத்து ‘இ’.

விளைவு, சில மென்பொருள்களில் ‘இ’ மறைந்துபோயிற்று. ‘இந்த’ என்பது ‘ந்த’ ஆயிற்று, ‘இல்லை’ என்பது ‘ல்லை’ ஆயிற்று. எழுத்துருவில் கோளாறு என்று நினைத்து நான் இரண்டு முறை அழித்து நிறுவிப் பார்த்திருக்கிறேன். கடைசியில் ‘இ’க்கு 254-இல் இன்னோர் இடம் கொடுத்தார்கள். 173-ஐக் காலி செய்துவிட முடியவில்லை, அதற்குள் அந்த எண்ணில் எழுதிய மடல்களும் கட்டுரைகளும் சேர்ந்துவிட்டிருந்தன. திஸ்கியை யூனிகோடாக்கும் நிரல்களின் பட்டியலை இன்று திறந்து பார்த்தாலும் 173-க்கு நேராகவும் ‘இ’, 254-க்கு நேராகவும் ‘இ’.